திறனில் பாதி, மின்சாரத்தில் கால்: இந்தியாவின் பசுமை மின் கணக்கு

2025 ஜூலையில் ஒன்றிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நாட்டின் மின் நிறுவுதிறனில் (கட்டிவைத்த நிலையங்கள் முழு அளவில் ஓடினால் தரக்கூடியதில்) பாதி இப்போது நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாத வழிகளைச் சேர்ந்தது, 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டுகள் முன்பாகவே எட்டிவிட்டோம் என்றது அது. அதே ஆண்டு மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியிருந்தது. அதுவும் சாதனை என்றே அறிவிக்கப்பட்டது.

இரண்டு செய்திகளையும் படித்தவர்கள் குழம்பினால் அதில் வியப்பில்லை. மின்சாரத்தில் பாதி பசுமை என்றால் இவ்வளவு நிலக்கரி எங்கே போகிறது? செய்திகள் இரண்டும் உண்மைதான். ஆனால் முதல் செய்தி "மின்சாரத்தில் பாதி" என்று சொல்லவில்லை, "நிறுவுதிறனில் பாதி" என்றுதான் சொல்கிறது. அந்த வித்தியாசம் புரிந்தால் இந்தியாவின் மின் கொள்கை எங்கே நிற்கிறது, எங்கே முட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

## முதலில் எண்கள்

2025 ஜூன் 30 நிலவரப்படி நாட்டின் மொத்த நிறுவுதிறன் 484.8 ஜிகாவாட். ஒரு ஜிகாவாட் என்பது 1,000 மெகாவாட், கூடங்குளத்தில் உள்ள ஓர் உலையின் அளவு. மொத்தத்தில் 242.8 ஜிகாவாட் புதைபடிவ எரிபொருள் சாராதது. சூரிய மின்சாரம் சுமார் 116, காற்றாலை 51, பெரிய நீர்மின் நிலையங்கள் 49, அணுமின் நிலையங்கள் கிட்டத்தட்ட 9 ஜிகாவாட். மிச்சம் உயிரிக்கழிவு மின்சாரமும் சிறு நீர்மின் நிலையங்களும். பெரிய அணைகளும் அணு உலைகளும் இந்தப் பாதிக்குள் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தித் தலைப்புகள் பல இதைச் "சூரிய, காற்று மின்சாரம் பாதி" என்று சுருக்கிவிட்டன. அது தவறு.

இலக்கு எப்படி வந்தது? 2015-இல் பாரிஸ் ஒப்பந்தத்தையொட்டி இந்தியா சொன்னது 2030-க்குள் 40 சதவீதம். அது 2021-லேயே முடிந்துவிட்டதால் 2022 ஆகஸ்டில் 50 சதவீதமாக உயர்த்தினார்கள். இரண்டு முறையும் அளவுகோலாக எடுத்துக்கொண்டது நிறுவுதிறனைத்தான். உற்பத்தியை எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. பணமும் நிலமும் இருந்தால் திறனைக் கட்டிவிடலாம். உற்பத்திப் பங்கு அப்படியல்ல. மழை, வெயில், தேவை எவ்வளவு கூடுகிறது என்று கையில் இல்லாத பல விஷயங்களைப் பொறுத்தது அது. வாக்குறுதி கொடுக்கும் எந்த அரசும் முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்கும்.

## திறன் வேறு, உற்பத்தி வேறு

கல்யாண மண்டபத்தில் எத்தனை பேர் உட்கார இடம் இருக்கிறது என்பது ஒரு கணக்கு, பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பது இன்னொரு கணக்கு. மெகாவாட் முதலாவது வகை, யூனிட் இரண்டாவது வகை. மின்கட்டண அட்டையில் வருவது யூனிட்.

1. ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டு முழுவதும் ஒரு நொடி நிற்காமல் முழுத் திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்கும். எந்த நிலையமும் அப்படி ஓடாது. உண்மையில் கிடைப்பது இதில் எத்தனை சதவீதம் என்பதே பயன்பாட்டு விகிதம். அனல் நிலையங்களுக்கு இதை பி.எல்.எஃப். என்பார்கள்.

2. சூரியத் தகடுகளுக்கு இரவில் வேலை இல்லை, மேகம் எதிரி, காலையிலும் மாலையிலும் பாதிக்கும் குறைவான ஒளிதான். இந்தியாவில் அவற்றின் விகிதம் தோராயமாக 20 சதவீதம். அதாவது ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 17.5 லட்சம் யூனிட்.

3. அனல் நிலையங்களின் நாடு தழுவிய சராசரி அண்மை ஆண்டுகளில் 69 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு சுமார் 60 லட்சம் யூனிட்.

ஆக, காகிதத்தில் சமமான இரண்டு மெகாவாட்டுகளில் ஒன்று மற்றதைப் போல மூன்றரை மடங்கு மின்சாரம் தருகிறது. 2024-25-இல் நாடு உற்பத்தி செய்தது சுமார் 1.8 லட்சம் கோடி யூனிட். அதில் நீர், அணு, சூரியன், காற்று எல்லாம் சேர்ந்து கால் பங்குதான். சூரிய மின்சாரம் மட்டும் எடுத்தால் 8 சதவீதத்தை ஒட்டி, காற்றாலை 5 சதவீதத்துக்குள். 70 சதவீதத்துக்கும் மேல் நிலக்கரி.

இதை வைத்து "அறிவிப்பே ஏமாற்று" என்பதும் சரியல்ல. 2010-இல் தேசிய சூரிய மின் இயக்கம் தொடங்கியபோது சூரிய மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல். பத்தே ஆண்டில், 2020 இறுதியில், ஏலங்களில் அது 2 ரூபாய்க்கு வந்துவிட்டது. புதிதாக அனல் நிலையம் கட்டி அந்த விலைக்கு யாராலும் தர முடியாது. விலைப் போட்டியில் சூரியன் எப்போதோ ஜெயித்துவிட்டது. சிக்கல், அந்த மலிவு மின்சாரம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் கிடைக்கிறது என்பதில்தான்.

## பகல் பன்னிரண்டும் இரவு எட்டும்

மின்சாரத்தை மற்ற சரக்குகளைப் போல எளிதில் கிடங்கில் போட்டுவைக்க முடியாது. ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் மின்கட்டமைப்பின் அதிர்வெண், நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ், தடம் மாறும். அதிகமாக மாறினால் நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

2024 மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 250 ஜிகாவாட் என்ற அளவை எட்டியது. கேட்க மிரட்டலாக இருக்கும் இந்த எண் அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. இப்போதெல்லாம் இப்படிப்பட்ட உச்சம் பெரும்பாலும் பகலில்தான் வருகிறது, பகலில் கைகொடுக்கச் சூரியன் இருக்கிறது. உண்மையான தலைவலி மாலை ஆறு மணிக்குப் பிறகுதான். சூரிய மின்சாரம் இரண்டு மணி நேரத்துக்குள் பூஜ்ஜியமாகிவிடும். அதே நேரத்தில் வீடுகளில் விளக்கு, மின்விசிறி, சமையல், கோடையானால் ஏசி எல்லாம் ஒன்றாக இயங்கத் தொடங்கும். தேவை பகல் உச்சத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் அதை ஈடுகட்ட 116 ஜிகாவாட் சூரியத் திறனில் ஒரு மெகாவாட்டும் கிடையாது.

மின்சந்தையின் விலையைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 2025 கோடையில் ஆலைகளும் அலுவலகங்களும் மூடிய ஞாயிற்றுக்கிழமைப் பகலில் விலை பூஜ்ஜியத்தை ஒட்டி விழுந்ததும் உண்டு. அதே கோடையின் இரவு நேரங்களில் ஒழுங்குமுறை ஆணையம் விதித்த உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாயைத் தொட்டதும் உண்டு. பொருள் ஒன்றே, நேரம்தான் வேறு. இந்த விலை இடைவெளியில்தான் இனி வரும் பத்தாண்டுக் கொள்கையின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது என்பேன்.

## மதியம் அனல் நிலையத்தை அணைத்துவிட்டால் என்ன?

எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. பகலில் சூரியன், இரவில் நிலக்கரி, இதில் என்ன கஷ்டம்?

கொதிகலனை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற முடியாது. முழுக்க ஆறிவிட்ட நிலையத்தை மீண்டும் ஓடவைக்கப் பல மணி நேரம் பிடிக்கும், எண்ணெய் ஊற்றி எரிக்க வேண்டும். அடிக்கடி சூடேற்றி ஆறவிட்டால் குழாய்களும் விசைச்சுழலியும் சீக்கிரம் தேயும். அதனால் மதியம் அணைப்பதில்லை, குறைத்து ஓட்டுகிறார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மத்திய மின்சார ஆணையம் 2023-இல் கொண்டுவந்த விதிகளின்படி அனல் நிலையங்கள் முதலில் 55 சதவீதம் வரையும், படிப்படியாக 40 சதவீதம் வரையும் இறங்கி ஓடத் தயாராக வேண்டும். 500 மெகாவாட் அலகு ஒன்றை 55 சதவீதத்தில் ஓட்டினால் 275 மெகாவாட், 40 என்றால் 200 மெகாவாட். அந்த 75 மெகாவாட் வித்தியாசம் அப்படியே சூரிய மின்சாரத்துக்குக் கிடைக்கும் இடம்.

ஆனால் குறைந்த சுமையில் ஓடும்போது ஒரு யூனிட்டுக்கு எரியும் நிலக்கரி கூடுகிறது, பழைய அலகுகளை மாற்றியமைக்கச் செலவும் ஆகிறது. மாநில மின் நிறுவனங்களின் அனல் நிலையங்கள் இதற்கு முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. அனல் நிலையங்கள் இறங்க முடியாத அளவுக்கு வந்தபின் அடுத்து நிறுத்தப்படுவது சூரிய, காற்று நிலையங்கள்தான். சட்டப்படி இவற்றுக்கு "கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்ற தகுதி உண்டு. கட்டமைப்பின் பாதுகாப்பு என்ற காரணம் வந்தால் அந்தத் தகுதி நிற்பதில்லை. தமிழ்நாட்டுக் காற்றாலைக்காரர்கள் "பேக் டவுன்" என்று பல ஆண்டுகளாகப் புலம்பிவருவது இதைத்தான்.

## தகடு ஓர் ஊரில், தேவை வேறோர் ஊரில்

இது நேரச் சிக்கலைவிட எளிதாகப் புரியும். சூரியத் திட்டங்கள் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் குவிந்துகிடக்கின்றன. வெயிலும் தரிசு நிலமும் அங்கே இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொள்கை. மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் அனுப்பும்போது செலுத்த வேண்டிய கட்டணத்தை இந்தத் திட்டங்களுக்கு முழுமையாகத் தள்ளுபடி செய்திருந்தார்கள். கம்பிச் செலவு இல்லை என்றால் நிலம் மலிவான இடத்தில்தானே எல்லோரும் கட்டுவார்கள்? முழுத் தள்ளுபடிக்கான கெடு 2025 ஜூன் 30. திறனில் பாதி என்ற மைல்கல் எட்டப்பட்டதாகச் சொல்லும் அதே தேதி. கெடுவுக்குள் முடிக்க நடந்த அவசரத்துக்கும் அந்தச் சாதனையில் பங்கு உண்டு.

தகடுகளை ஒன்றரை ஆண்டில் நிறுவிவிடலாம். உயர் அழுத்த மின்பாதை அமைக்க அதைப் போல இரண்டு மூன்று மடங்கு காலம் பிடிக்கிறது. கோபுரங்களுக்கான நிலம், வன அனுமதி, வழக்குகள் என்று இழுக்கும். ராஜஸ்தானில் கானமயில் பறவைகள் கம்பிகளில் மோதிச் சாவதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-இல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் பாதைகள் தாமதமாகின. இன்று அங்கே கட்டி முடித்தும் முழு உற்பத்தியை அனுப்ப வழியில்லாமல் நிற்கும் நிலையங்கள் இருக்கின்றன.

தென்னகம் இந்தப் பாடத்தை முன்பே படித்தது. 2013 டிசம்பர் 31 வரை தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்திருக்கவில்லை. ராய்ச்சூர் – சோலாப்பூர் பாதைதான் அந்த இணைப்பைக் கொடுத்தது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டப் புகளூருக்கு 6,000 மெகாவாட் திறனுள்ள நேர்மின்னோட்டப் பாதை வந்தது. நிலக்கரி மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவருவதுதான் அதன் முதல் வேலை, ஆனால் காற்று அதிகமாக வீசும் காலத்தில் எதிர்த்திசையிலும் அனுப்பும் வகையில் வடிவமைத்தார்கள்.

## காற்றாலை ஏன் அலட்சியப்படுத்தப்பட்டது?

சூரியனின் விலை வீழ்ச்சியில் காற்றாலையை நாடு கொஞ்சம் மறந்துவிட்டது. இது கொள்கைத் தவறு என்றே நினைக்கிறேன். காற்று மாலையிலும் இரவிலும் வீசும், அதாவது சூரியன் கைவிடும் நேரத்தில். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்துவரும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் ஒரு நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் கொடுத்ததுண்டு.

குறையும் உண்டு. சீசன் முடிந்தால் உற்பத்தி சரிந்துவிடும். முப்பந்தல் பக்கம், நல்ல காற்று அடிக்கும் அருமையான இடங்களில் நிற்பவை பல தொண்ணூறுகளில் நட்ட சிறிய இயந்திரங்கள், ஒவ்வொன்றும் அரை மெகாவாட்டோ அதற்கும் குறைவோ. இன்றைய இயந்திரம் ஒன்று 2 முதல் 3 மெகாவாட். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நிறுத்த ஒன்றிய அரசு 2016-லும் 2023-லும் கொள்கை வெளியிட்டது. ஆனாலும் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. ஏனென்றால், ஒரு பெரிய இயந்திரம் நிற்க வேண்டிய இடத்தில் நான்கைந்து பேரின் சிறிய இயந்திரங்கள் நிற்கின்றன. யாருடைய நிலத்தில் கோபுரம், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தீர்க்காமல் ஒரு போல்ட்டைக் கூடக் கழற்ற முடியாது.

## வாங்குபவர் ஏன் தயங்குகிறார்?

மின்சாரத்தை ஏலம் விடுவது ஒன்றிய அரசின் நிறுவனங்கள், வாங்க வேண்டியது மாநில மின்பகிர்மான நிறுவனங்கள். ஏலத்தில் ஜெயித்தும் வாங்க ஆளில்லாமல், ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் 2025-இல் 40 ஜிகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்கள் தேங்கி நின்றன. 2 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைப்பதை ஏன் வாங்கவில்லை?

1. அனல் மின்சாரத்துக்கான விலை இரண்டு பகுதி. நிலையம் கட்டிய முதலுக்கான நிலைக்கட்டணம், எரிபொருளுக்கான மாறும் கட்டணம். மின்சாரம் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 25 ஆண்டுக்கானவை. எனவே மலிவான சூரிய மின்சாரத்தை வாங்கினால் மிச்சமாவது நிலக்கரிச் செலவு மட்டுமே.

2. பகல் மின்சாரம் ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது. பகிர்மான நிறுவனத்துக்குத் தேவைப்படுவது இரவு எட்டு மணி மின்சாரம். வெறும் சூரியத் திட்டம் அதைத் தராது.

3. விலை ஆண்டுதோறும் இறங்கிவந்ததைப் பார்த்தவர்கள், இன்று 25 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடுவதைவிட அடுத்த ஏலம் வரை பொறுக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

இந்த நிறுவனங்களின் கடன் நிலைமையையும் சேர்த்துக்கொண்டால் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

## சேமிப்பு: அணையும் பேட்டரியும்

மதிய மின்சாரத்தை இரவுக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

ஒன்று நீரேற்று மின்நிலையம். மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு இறைப்பது, தேவைப்படும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் எடுப்பது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் எண்பதுகளின் கடைசியிலிருந்தே இருக்கிறது. இறைக்கச் செலவாகும் 100 யூனிட்டில் 75 முதல் 80 வரை திரும்பக் கிடைக்கும். ஆறேழு மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் மலை, இரண்டு நீர்த்தேக்கம், சுரங்கம், வன அனுமதி எல்லாம் வேண்டும். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா திட்டம் எவ்வளவு காலமாக இழுத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும்.

இரண்டாவது பேட்டரி. இதில்தான் ஆட்டம் மாறிக்கொண்டிருக்கிறது. 2022-இல் நடந்த பெரிய ஏலத்தில், இரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடிய பேட்டரிக்கு ஒரு மெகாவாட்டுக்கு மாத வாடகை 10.8 லட்சம் ரூபாய் கேட்டார்கள். மூன்றே ஆண்டில் அது 2.5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. சீனாவில் லித்தியம் பேட்டரிகளின் விலை சரிந்ததும் அரசின் மானியமும் காரணங்கள். 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு, புதிய சூரிய ஏலங்களில் திட்டத் திறனில் குறைந்தது 10 சதவீதத்துக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பையும் சேர்க்கும்படி அறிவுறுத்தியது. நல்ல தொடக்கம், ஆனால் சின்னது. 100 மெகாவாட் சூரியப் பண்ணைக்கு 10 மெகாவாட் பேட்டரி, அதுவும் இரண்டு மணி நேரம். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குத் தீர்ந்துவிடும், ஏசி அதற்கப்புறம்தான் முழு மூச்சில் ஓடும்.

## மின்சாரத்தை நகர்த்துவதற்குப் பதில் தேவையை நகர்த்துவது

அதிகம் பேசப்படாத, ஆனால் செலவு குறைந்த வழி இது. நாட்டின் மின்பயன்பாட்டில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் விவசாயப் பம்புசெட்டுகளுக்குப் போகிறது. முன்பு இரவில்தான் மின்சாரம் மிஞ்சும் என்பதால் பம்புகளுக்கு இரவு முறை கொடுத்துப் பழகிவிட்டோம். பாம்புக்கும் இருட்டுக்கும் நடுவே வரப்பில் நடந்து மோட்டார் போட்டவர்கள் விவசாயிகள்தான். இப்போது நிலைமை தலைகீழ், மிஞ்சுவது பகலில். குஜராத் 2020-இல் கிசான் சூர்யோதய் திட்டத்தில் பம்புகளுக்குப் பகல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. மகாராஷ்டிரம் விவசாய மின்பாதைகளுக்கென்றே தனிச் சூரிய நிலையங்களை அமைத்துவருகிறது. பேட்டரி எதுவும் வாங்காமல் இரவுச் சுமை பகலுக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு கருவி நேரத்துக்கேற்ற கட்டணம். 2023-இல் திருத்திய மத்திய விதிகள், சூரிய ஒளி கிடைக்கும் நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆலைகளுக்கு இது பழகிய விஷயம். வீடுகளுக்குக் கொண்டுவர ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், அப்புறம் அரசியல் துணிச்சலும் வேண்டும். மாலையில் மாவு அரைத்தால் கூடுதல் கட்டணம் என்று சொல்லிவிட்டு எந்த ஆளுங்கட்சி தேர்தலுக்குப் போகும்?

## அப்படியானால் புதிய அனல் நிலையங்கள் எதற்கு?

2031-32-க்குள் சுமார் 80 ஜிகாவாட் புதிய நிலக்கரித் திறனைச் சேர்க்க ஒன்றிய அரசு திட்டமிட்டிருக்கிறது. 2070-இல் நிகர பூஜ்ஜிய உமிழ்வு என்று 2021-இல் கிளாஸ்கோவில் சொன்ன அதே அரசு. 2022 கோடையில் நிலக்கரி இருப்பு குறைந்து பல மாநிலங்கள் மின்வெட்டில் தவித்த நினைவு இன்னும் பசுமையாக இருக்கிறது. இரவுத் தேவைக்கு உறுதியான பதில் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்தது அனல் நிலையம்தான். அவர்களின் அச்சம் நியாயமானது, அவர்கள் கண்டுபிடித்த பதில்தான் கேள்விக்குரியது.

காரணம், இந்தப் புதிய நிலையங்கள் பழையவை ஓடியதுபோல ஓடப்போவதில்லை. பகலில் சூரியனுக்கு வழிவிட்டு, இரவில் சில மணி நேரம் முழுத் திறனில் ஓடும். ஆண்டுப் பயன்பாடு குறையக் குறைய ஒரு யூனிட்டின் மேல் விழும் நிலைக்கட்டணம் ஏறும். இன்று ஒப்பந்தம் போட்டு 2030 வாக்கில் ஓடத் தொடங்கும் ஒரு நிலையத்துக்கு 2055 வரை மாநிலங்கள் அந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். பேட்டரி வாடகை இதே வேகத்தில் இல்லாவிட்டாலும் பாதி வேகத்திலாவது இறங்கினால், அந்தக் காலத்தில் பெரும்பகுதிக்கு இரவு மின்சாரத்தை அதைவிட மலிவாக வாங்க முடியும். ஒவ்வொரு மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் முன்னும் வரும் புதிய அனல் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய எண் யூனிட் விலை அல்ல. இரவு ஆறு முதல் பன்னிரண்டு வரை, பேட்டரியோடு சேர்ந்த சூரிய மின்சாரம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்ற ஒப்பீடு அந்த மனுவில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.